பள்ளி வாசலில் அணைந்த எஞ்சின்

என் தம்பி இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். அதே பள்ளியில் படிக்கும் அவன் மகள், 'டிரைவர் மகள்' என்ற தோழிகளின் கேலிக்குப் பயந்து, அவன் பேருந்தில் எப்போதும் கடைசி இருக்கையில்தான் உட்காருவாள். அவள் வகுப்புக்குப் பெற்றோர் முறைவைத்துப் பாடமெடுக்கும் ஏற்பாட்டில், பூமி ஏன் சூடாகிறது என்ற பாடம் தம்பியின் பங்குக்கு வந்தது.

"அப்பா, மானத்த வாங்கிடாதீங்க" என்று மகள் கெஞ்சினாள்.

அவன் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. ஜன்னல்களை மூடி வெயிலில் நிறுத்தியிருந்த பேருந்துக்குள் பிள்ளைகளை ஏற்றினான். இருக்கையைத் தொட்டவர்கள் கையை உதறினார்கள்.

"வெயில் உள்ள வந்துருச்சு, சூடு வெளிய போக வழியில்ல. நாம எரிக்கிற கரி, டீசல்லேருந்து வர்ற வாயு பூமியச் சுத்தி இந்தக் கண்ணாடி மாதிரி நிக்குது. அதான் பனி உருகுது, கடல் ஏறுது, மழை காலந்தப்பிப் பெய்யுது."

வகுப்பின் வாயாடிப் பெண் விடவில்லை. "அப்ப மாமா, எங்களுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சின ஓடவிட்டே வச்சிருக்கீங்களே, அது?"

மகள் தலைகுனிந்தாள். தம்பி பிடரியைச் சொறிந்தான்.

"அதுவும்தான் கண்ணு. வசமா மாட்டிக்கிட்டேன்."

பேருந்தே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் மகள்.

அன்று மாலை பள்ளி வாசலில் அவன் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். மகள் ஏறிவந்து, அவனுக்கு நேர் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். இன்றுவரை இரண்டும் மாறவில்லை.