படி இறங்கும் இடத்தில் ஒரு கடை

கவுனை உதறி விரித்த கை பாதியில் நின்றுவிட்டது. எதிரே நின்ற அம்மாள் விலை கேட்டாள். மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார வண்டி வந்து நின்ற சத்தம் அடங்கிய பிறகுதான் அய்யாதுரை வாயைத் திறந்தார்.

“பீச்சுலேர்ந்து வாரவன். ஆபீஸ் கூட்டம்.” பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, “என்ன கேட்டிய, தாயி?” என்றார்.

ரயில் அவருக்கு எப்போதும் ‘அவன்’தான். அவன் கொண்டுவந்து தள்ளிய ஆள் அவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து எழும்பூருக்கு டிக்கெட் வாங்கி வந்தவர், கைகாட்டி விழாமல் வண்டி மாம்பலத்தில் நின்றபோது தண்ணீர் குடிக்க இறங்கினார். எழும்பூரை அவர் இன்னும் பார்க்கவில்லை.

“ரயிலு நிக்கிற எடம் ஊரு. நிக்காத எடம் காடு. அம்புட்டுத்தான் சரித்திரம்” என்பார்.

ஸ்டேஷனிலிருந்து உஸ்மான் ரோட்டுக்குப் போகும் அந்தத் தெருவில் நின்றுகொண்டு இதை மறுப்பது கஷ்டம். முதலில் ஒரு வக்கீல் தம் முன்னறையைப் பாத்திரக் கடைக்கு விட்டார். அடுத்த வீட்டு டாக்டர் ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டு வளையல் கடைக்கு இடம் கொடுத்தார். இப்போது வீடுகளெல்லாம் கடைகளுக்குப் பின்னால், பந்தியில் இடம் கிடைக்காத உறவினர்களைப் போல நிற்கின்றன. வக்கீல் தம் வீட்டுக்குள் போவதற்குக் குடம் வாங்க வந்தவர்களிடம் வழி கேட்கிறார்.

இவ்வளவு ரயில் ஞானம் உள்ள அய்யாதுரை மின்சார வண்டியில் ஏறியதே இல்லை. “நான் ஏறிட்டா கடையில யாரு இருக்கா?”

அவருடைய குழந்தைத் துணிக்கடை முன்பு தெருவின் நடுவில், சோடாக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. நன்றாகவே நடந்தது. ஸ்டேஷனுக்குப் புதிய மேம்பாலம் கட்டப்போகிறார்கள், அதன் படி ஷாஹுல் ஹமீதின் ரெக்ஸின் பைக் கடை வாசலில் வந்து இறங்கும் என்று அவர் காதில் விழுந்தது. அன்றே ஹமீதிடம் போனார். கடைக்குக் கடை மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

“இன்னா அண்ணாச்சி, நல்லா ஓடிக்கினு கீற கடைய வுட்டுட்டு இந்த மூலைக்கு வர்றேன்ற?”

“காத்து வருது, பாய்.”

ஹமீது சிரித்துக்கொண்டே கடைச் சாவியை மாற்றிக்கொண்டார். அவருக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் வீடு. தினமும் ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்குகிறவர்.

படி திறந்தது. மூட்டை அவிழ்ந்து அரிசி கொட்டுவதுபோல ஜனங்கள் அய்யாதுரையின் வாசலில் கொட்டினார்கள். கொட்டிய வேகத்திலேயே உருண்டு போய்விட்டார்கள். தீபாவளிக்காகக் கடனில் எடுத்த சரக்கு கூரையை முட்டிக்கொண்டு கிடந்தது. அது போகாவிட்டால் கடையும் போய்விடும்.

“ஊரே நம்ம வாசல்ல எறங்குது. ஒருத்திகூட உள்ள ஏறலியே” என்றாள் மனைவி தங்கபுஷ்பம்.

ஒரு மாலை அவளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அய்யாதுரை பாலத்தின் மேல் ஏறினார். வண்டி வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் படியில் வைத்து இறங்கினார். பின்னாலிருந்து, “சீக்கிரம் போ, நைனா!” என்று யாரோ முதுகில் இடித்தார்கள். அவர் தலையைத் தூக்கியபோது சோடாக் கடை தெரிந்தது. தம் கடையைத் தாண்டி வந்திருந்தார்.

பை வாங்குபவர்களுக்கு நடுவிலிருந்து ஹமீது எட்டிப் பார்த்தார்.

“வா அண்ணாச்சி. படி எறங்குறவன் காலைத்தான் பாப்பான். இங்க வந்துதான் தலையத் தூக்குவான். நான் தெனம் எறங்குறேன்ல?”

“முன்னாடியே சொல்லப்படாதா, பாய்?”

“காத்து வருதுன்னியே. சரி, சோடா குடி.”

அய்யாதுரை சோடாவைக் குடித்தார். குடித்துத்தான் ஆகவேண்டும் போலத் தாகமாக இருந்தது.

அந்த வாரமே படியோரத்தில் உட்காரும் பூக்காரக் கபாலியின் தண்ணீர் வாளி கடைசிப் படியில் கவிழ்ந்தது. அடுத்த வண்டியில் வந்த பெண்கள் ஈரத்தைக் கண்டு தயங்கினார்கள், கொசுவத்தைத் தூக்கிக்கொண்டார்கள், கால் வைக்க வேறு இடம் தேடி நிமிர்ந்தார்கள். நிமிர்ந்த இடத்தில் கவுன்கள் தொங்கின. “அந்த மஞ்சள் என்ன விலை?” என்று ஒருத்தி கேட்டாள். கபாலியைத் திட்டப் போன அய்யாதுரை திரும்பி வந்துவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கடை வாசலில் தண்ணீர் தெளிப்பது அவர்கள் வழக்கம். தங்கபுஷ்பத்தின் வேலை அது. மறுநாள் அவர் செம்பைத் தாமே வாங்கிக்கொண்டார்.

“ஏங்க, வாசல் இங்கன இருக்கு. படியில போயி தெளிக்கிறீங்க?”

“லட்சுமி எந்த வழியா வாரா? மேலேருந்துதானட்டி?”

அவள் படியையும் பார்த்தாள், சரக்கையும் பார்த்தாள். குடத்தை நிரப்பிவைத்தாள்.

இப்போது அந்தக் கடையில் விளக்கு வைக்கும் நேரம் ரயில் அட்டவணைப்படி நடக்கிறது. ஒரு மாலையில் பல தடவை வருகிறது.

இன்றும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மேலே காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. “பிடிங்க தாயி, இந்தா வந்துட்டேன்” என்று கவுனை விலை கேட்ட அம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, அய்யாதுரை செருப்பைக் கழற்றினார். செம்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.