ஐயாவின் காகிதக் குழாய்

என்னைப் பெற்ற ஐயாவுக்குப் பாட்டு என்றால் என்னவென்றே தெரியாது. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் போடியில் கிராமபோன் பெட்டி வாங்கினார். மலையிலிருந்த துரை ஒருவன் சீமைக்குக் கப்பலேறும்போது தட்டுமுட்டுச் சாமான்களை விற்றிருக்கிறான். ஏலக்காய் வாங்கப் போன ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஊசியிலிருந்து வரும் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி வெளியே தள்ளுவது அதன் குழாய். அது நசுங்கியிருந்தது. தட்டி நிமிர்த்திவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் பெரிய மனிதர் என்று யார் சொல்வார்கள்?

முதலில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிக் குழாய் செய்தார். இசைத்தட்டில் பாடுகிறவளுக்குச் சளி பிடித்தது போல இருந்தது. அடுத்தது செம்பு. வீட்டு அண்டாவை வெட்டித்தான் செய்தார். அன்று முதல் நாங்கள் மண்பானையில் வெந்நீர் வைத்தோம். ஒரே பிளேட்டைத் தகரத்தில் ஒரு தடவை, செம்பில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் போடுவார். கூடவே வேலைவெட்டி இல்லாத நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

“தகரத்துல மூக்குதான் கேக்குதுண்ணே. செம்புலதான் தொண்டை கேக்குது” என்பார் ஒருவர்.

“இல்ல மாப்ளே, செம்புக்குப் பின்னால ஒரு கரகரப்பு இருக்கு” என்பார் இன்னொருவர். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது என்பது தெருவுக்கே தெரியும். அவள் என்ன பாடுகிறாள் என்று ஒருத்தராவது கேட்டதில்லை.

பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, பானைமேல் அப்பிக் காயவைத்தால் கூடை வரும். எங்கள் வீட்டில் அது என் சோலி. அடி பெயர்ந்த கூடை ஒன்று மூலையில் கிடந்தது. ஐயா அதை எடுத்து விளையாட்டாகப் பெட்டியில் பொருத்திப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்தப் பாடகி மனுஷி மாதிரி பாடினாள். உடனே ஐயாவுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. களிமண்ணில் அச்சுப் பிடித்தார். இடித்தது நான், அப்பியது நான், வெயில் பார்த்துத் திருப்பி வைத்தது நான். வருகிறவர்களிடமெல்லாம் “நான் செஞ்ச கொழாய்” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சிலமலையிலிருந்து எனக்கு வரன் வந்தது. பேரில்தான் மலை, ஊர் கீழே சமவெளியில். வயலும் கிணறும் உள்ள வீடு. இது தட்டிப்போனால் மலைமேல் ஏலத்தோட்டத்துக் கங்காணியாக இருந்த என் மாமனுக்கு இரண்டாந்தாரமாகப் போக வேண்டும் என்று ஏற்கெனவே பேச்சாகியிருந்தது. மாமன் பெண்டாட்டி குளிர்காய்ச்சலில் செத்திருந்தாள். எனக்கு மலை என்றாலே பயம். சிலமலை அமைய வேண்டுமே என்று கும்பிடாத சாமியில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவும் ஒரு கிராமபோன் கிறுக்கு. பெண் பார்க்க வரும்போது தன் பித்தளைக் குழாயை வேட்டியில் சுற்றி வண்டியில் கொண்டுவந்துவிட்டார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பணியாரத் தட்டோடு நான் நின்றேன். ஒருத்தர் என்னை ஏறிட்டுப் பார்த்தால்தானே. இரண்டு குழாய்களையும்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

ஆத்தா ஐயாவின் காதருகே போய், “பொண்ணு குடுக்குறவுக நாம. அவுகளுதுதான் ஒசத்தின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றாள். ஐயா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பித்தளையில் ஒரு தடவை, காகிதத்தில் ஒரு தடவை. முடிந்ததும் சிலமலைக்காரர் தன் பித்தளைக் குழாயை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, “ஒத்துக்கிறேன்ணே. ஒங்களுதுதான் பாடுது” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆத்தாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சீர்செனத்தி ஒண்ணும் வேணாம்ணே” என்றார் அவர். “பொண்ணையும் இந்தக் கொழாயையும் குடுங்க, போதும்.”

ஐயா குழாயின்மேல் கையை வைத்தார். “பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. கொழாய் இங்கனயே இருக்கட்டும்.”

“கொழாய் இல்லேன்னா எப்படிண்ணே?” என்றார் அவர். மீசை நரைத்த இரண்டு பேர் பேசிய பேச்சு இது. மாப்பிள்ளையும் வாயில் பணியாரத்தோடு தன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தூ என்று இருந்தது எனக்கு.

வெட்கத்தை விட்டு நானே வாயைத் திறந்தேன். “ஐயா, இதை அவுகளுக்குக் குடுத்துருங்க. ஒங்களுக்கு வேற ஒண்ணு நான் இடிச்சுத் தாரேன். வெரசா ஆயிரும்.”

ஐயா சிரித்தார். வந்தவர்களைப் பார்த்துத்தான் சிரித்தார். “இவ இடிச்சா அது கூடை. நான் செஞ்சாத்தான் கொழாய்.”

சிலமலைக்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துப் பித்தளைக் குழாயை வேட்டியில் சுற்றிக்கொண்டு வண்டியேறினார்.

தை மாதம் மாமனுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். கல்யாணச் சந்தடியில் யாரோ சாய்ந்து காகிதக் குழாயின் விளிம்பு பிளந்துபோனது. எவரோ, புண்ணியவான். மறுவீடு முடிந்து மலைக்குப் புறப்பட்ட அன்று, போடிமெட்டுக்கு ஏறும் பாதை தொடங்குமிடம் வரை ஐயாவும் வந்தார். மாமன் மட்டக்குதிரைமேல் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐயா என்னைத் தனியாக ஒதுக்கி நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. இத்தனை நாளில் இல்லாமல் இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று பாவி நான் நம்பினேன்.

“தாயி, அந்தக் காகிதக் கூழுக்கு வெந்தயம் எம்புட்டுப் போட்ட?” என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. குதிரைக்குப் பின்னால் ஏறத் தொடங்கினேன்.