ரீஜன்ட் என்று எழுதியிருந்த கார்

அந்தப் பெயர்த் தகடு என் உள்ளங்கையைவிடச் சற்று நீளம். குரோம் பூசிய ‘ரீஜன்ட்’ என்ற ஆங்கில எழுத்துகள் கையெழுத்துப் போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். முதலெழுத்தின் கால் நுனி மட்டும் உடைந்திருக்கும். சாச்சாவின் வெள்ளைக் காரின் டிக்கியில், வலது மூலையில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது இருந்தது. கலியாணத்துக்கு முதல் நாள் சாச்சா அரைத் தேசிக்காயால், எலுமிச்சையின் புளிப்பு ஏற, அதைத் தேய்ப்பார். உடைந்த காலருகே தேங்கும் சாறை உடுத்திருக்கும் சாரன் நுனியால் ஒற்றி எடுப்பார். காரின் மற்ற இடங்களைக் கழுவ ஆள் உண்டு. தகட்டை மட்டும் அவர் வேறு கையில் விட்டதில்லை.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. கல்முனையில் நெல் வியாபாரம் செய்தார். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் ஒரு குடியைச் சேர்ந்தது. குடி தாய்வழியாக வரும். தகப்பனின் குடி பிள்ளைக்கு வராது. குடிக்கொரு மரைக்கார் பள்ளிவாசலில் இருப்பார். வீட்டு வளவின் எல்லைத் தகராறும் கணவன் மனைவி பிணக்கும் பொலிசுக்குப் போவதற்கு முன் மரைக்கார்மாரிடம் வரும். சாச்சா தன் குடியின் மரைக்கார். தெரியாததைத் தெரியாது என்பார். தெரியும் என்று சொன்னால் அதிலிருந்து அசைய மாட்டார். அவருடைய மரியாதை முழுவதும் அந்த ஒரு குணத்தின் மேல்தான் நின்றது.

அந்தக் கார் இங்கிலாந்துக் கம்பனி ஒன்று தயாரித்தது. கம்பனி இன்று இல்லை. ஒரே உடம்பில் இரண்டு மாதிரிகளை அவர்கள் விற்றார்கள். ‘டென்பி’ என்பது சாதாரணமானது. ‘ரீஜன்ட்’ என்பது தோல் இருக்கையும் வலுக்கூடிய எஞ்சினும் உட்புறத்தில் மரப் பலகை பதித்த முன்பக்கமும் கொண்டது. சாச்சா காரை வாங்கும்போதே தகடு டிக்கியில் இருந்தது. மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்துப்போகும் கார் என்றால் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் அவருடையதைத்தான் கேட்பார்கள். “நீங்க ஏறப்போறது ரீஜன்ட், மகன். மரியாதையா ஏறுங்க” என்று ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் சொல்லுவார். நானும் அதைக் கேட்டு ஏறியவன்தான்.

கேள்வியைக் கிளப்பியவர் சாச்சாவின் மச்சான்; அவர் மனைவியான எங்கள் சாச்சியின் காக்கா, அதாவது அண்ணன். அவரும் ஒரு மரைக்கார். இருவரும் சேர்ந்துண்ணும் பெரிய தட்டான சகனில் உட்கார்ந்தால் சோற்றைவிடப் பகிடி கூடப் போகும். ஒரு கலியாண விருந்தில் அவர் கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டினார். லண்டனிலிருக்கும் மருமகன் அனுப்பிய படம்.

“மச்சான், இதுதான் ரீஜன்ட். முன்னுக்கு எல்லாம் மரப் பலகை. ஒங்கடதுல தகரம்தானே இருக்கு. பலகைய கறையான் திண்டதோ?”

பந்தலே சிரித்தது. சாச்சாவும் சிரித்தார்; ஆனால் கையிலிருந்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய பகிடி அது. அடுத்த வாரம் ஒரு வளவு எல்லை வழக்கில் சாச்சா தன் முடிவைச் சொன்னபோது, அது பிடிக்காத கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்றார்.

“தன்ட காரு என்ன காரெண்டே தெரியாதவர் என்ட வேலி எங்க நிக்கோணும் எண்டு சொல்றதா?”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. முடிவைத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டம் கலைந்தது. சாச்சா பள்ளிவாசலிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். கொழும்பில் பத்திரிகை வேலையை முடித்துக்கொண்டு நான் ஊருக்குத் திரும்பியிருந்த காலம்.

“நீ பேப்பர்ல இருந்தவன். ஒரு சங்கதி உண்மையா பொய்யா எண்டு எப்படிப் பார்க்கிற?”

“அது முதல்ல தொடங்கின இடத்துல கேக்கிற, சாச்சா.”

“அப்ப அங்க கேளு.”

தொடங்கிய இடம் தொழிற்சாலை. அது மூடப்பட்டிருந்தாலும் அதன் தயாரிப்புப் பதிவேடுகள் இங்கிலாந்தில் ஒரு பழைய கார் நூதனசாலையில் இருந்தன. காரின் இலக்கத்தைக் கொடுத்தால், அது எந்த மாதிரியாக, என்ன நிறத்தில், எந்த நாட்டுக்கு வெளியேறியது என்று சான்றிதழ் தருவார்கள். எங்கள் நாட்டுப் பதிவுப் புத்தகத்தில் கம்பனியின் பெயர் இருந்ததே தவிர மாதிரியின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. எஞ்சின் இலக்கம், காரின் அடிச்சட்டமான செசியின் இலக்கம் இரண்டில் எதை அனுப்புவது என்று கேட்டேன். சாச்சாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. “எஞ்சின்தானே உசிரு. அதையே அனுப்பு” என்றார்.

பதில் வந்தது. அந்த எஞ்சின் ஒரு ரீஜன்டில் பொருத்தப்பட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டது என்று முத்திரையோடு எழுதியிருந்தார்கள். சாச்சி விசேஷ நாள் இனிப்பான வட்டிலாப்பம் அவித்தார். மச்சானுக்கு ஆளனுப்பி வரவழைத்து, அவர் முன்னால் சான்றிதழை என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார் சாச்சா.

“பலகைய கறையான்தான் திண்டிருக்கு, மச்சான்” என்றார்.

“அப்ப கறையானுக்கும் ஒரு சேட்டிபிக்கட் எடுங்க” என்று மச்சான் வட்டிலாப்பத்தை இழுத்துக்கொண்டார்.

இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் கடைசி வரியைக் கவனித்தேன். அந்த ரீஜன்டின் செசி இலக்கமும் அதில் இருந்தது. மச்சான் போகும்வரை பொறுத்திருந்து பதிவுப் புத்தகத்தை விரித்துப் பார்த்தேன், இலக்கம் வேறு. எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்து, மேலே பூசியிருந்த வெள்ளைப் பெயின்றைச் சுரண்டிச் செசித் தகட்டிலும் பார்த்தேன். புத்தகத்தில் இருந்த இலக்கமே அங்கும் இருந்தது. சாச்சாவிடம் சொன்னேன். எஞ்சின் ரீஜன்டுடையது. கார் அந்த ரீஜன்ட் இல்லை. யாரோ எஞ்சினை மாற்றும்போது பெயரையும் கூடவே கொண்டுவந்து பூட்டியிருக்க வேண்டும்.

சாச்சா விடவில்லை. “ஓடுறது எஞ்சின். ரீஜன்ட் எஞ்சின் ஓடினா அது ரீஜன்ட்தான். இதுல என்ன கதை?”

வட்டிலாப்பக் கிண்ணங்களை எடுக்க வந்த ராத்தா, அவருடைய மூத்த மகள், அப்படியே நின்றாள். அவள் கல்முனையில் கணக்குப் பாட ஆசிரியை.

“வாப்பா, நான் ஒங்கட குடியா?”

“இல்ல. ஒன்ட உம்மாட குடி.”

“இந்த வீடு ஆரிட?”

“ஒன்ட உம்மாட சீதனம்.”

“நீங்க?”

“நான் வந்த மாப்பிள்ள.”

“எஞ்சினும் அதுதான் வாப்பா. வெளியில இருந்து வந்த மாப்பிள்ள. அவர் வந்தாரெண்டு வீட்டுட குடி மாறுமா?”

சாச்சி அடுப்படிக் குசினிக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். சாச்சா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முற்றத்தில் நின்ற காரைப் பார்த்தார். ஊரில் எத்தனையோ குடிப் பிணக்குகளைத் தாயைக் கேட்டுத் தீர்த்தவர், தன் காருக்கு மட்டும் தகப்பனைக் கேட்டிருக்கிறார். முகத்தில் வந்தது கோபமா சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் கடைக்காரரின் வாய் அடைபட்டிருக்கும். முத்திரை இருந்தது, ரீஜன்ட் என்ற சொல் இருந்தது. கடைசி வரியைத் தேடி வாசிக்கப்போகிறவர் எங்களைத் தவிர ஊரில் எவரும் இல்லை. சாச்சாவுக்கும் இது தெரியும்.

“மற்ற நம்பரையும் அனுப்பு” என்றார்.

இரண்டாவது சான்றிதழ் சுருக்கமானது. மாதிரி டென்பி. நிறம் இளம்பச்சை. இலங்கைக்கு அனுப்பப்பட்டது. கதவோரத்து ரப்பரை இழுத்துப் பார்த்தோம். வெள்ளைக்குக் கீழே, நகத்தளவு இடத்தில், முற்றாத மாங்காயின் பச்சை இருந்தது. டிக்கியின் உட்பக்கத்தில் தகட்டுக்காகப் போட்டிருந்த ஓட்டைகளின் விளிம்பு கரடுமுரடாக இருந்தது. கையால் துளைத்தது அது. தொழிற்சாலை வேலை அல்ல. சாச்சா விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். ஸ்குறூ ட்ரைவரை எடுத்துவரச் சொன்னார். திருகாணிகள் துருவேறி இருந்தன. தகட்டை வளைக்காமல் கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது.

தள்ளிவைத்த வழக்கு மறுபடி கூடிய அன்று அவர் இரண்டு கடுதாசிகளையும் தகட்டையும் கொண்டுபோனார். நானும் போயிருந்தேன். வழக்கை எடுப்பதற்கு முன்னால் எழுந்து நின்று தானே வாசித்தார். முதலாவதையும் வாசித்தார், இரண்டாவதையும் வாசித்தார்.

“என்ட கார் டென்பி. ரீஜன்ட் எண்டு நான் சொன்னது பிழை. அது தெரியாமச் சொன்னது. இப்ப தெரியும்.” பிறகு கடைக்காரரின் பக்கம் திரும்பினார். “ஒங்கட வேலிய நான் நேரில போய் அளந்து பார்த்துத்தான் சொன்னன். அது தெரிஞ்சு சொன்னது. அது மாறாது.”

மச்சான்தான் முதலில் வாய் திறந்தார். “இனி மாப்பிள்ளமார் ஏறுவாங்களோ மச்சான்?”

“ஏறுறவன் டென்பியில ஏறுறன் எண்டு தெரிஞ்சு ஏறட்டும்.”

கடைக்காரர் மறுபடி எழுந்து நின்றார். “சரி மரைக்கார், வேலிய நாளைக்கே பிடுங்கிறன்” என்றார். பிடுங்கியும் விட்டார். நான் அந்தப் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். அது தொழில் பழக்கம்.

தகட்டை எனக்குத் தந்தது சாச்சாதான். “வச்சுக்கொள். இனி இது காருட சாமான் இல்ல” என்றார். பிறகு காருக்கு மறுபடி பெயின்ற் அடித்தபோது டிக்கியின் ஓட்டைகளை அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கார் ராத்தாவின் வளவில் நிற்கிறது. இன்றும் மாப்பிள்ளைமார் ஏறுகிறார்கள். போன மாதம் கண்டியிலிருந்து கலியாணத்துக்கு வந்த ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது ரீஜன்ட் அல்லவா?” என்று கேட்டார். பழைய கார்களைத் தெரிந்தவர் போலத்தான் பேசினார்.

“இல்ல, டென்பி” என்றாள் ராத்தா. “மாப்பிள்ளதான் ரீஜன்ட்.”

அவருக்குப் புரியவில்லை. பொனற்றைத் திறந்து காட்டினாள்.

தகடு இப்போது என் மேசையில், கடற்காற்றுக்குப் பறக்கும் தாள்களின் மேல் கிடக்கிறது. தேசிக்காய் படாததால் மங்கிவிட்டது. உடைந்த காலுக்கருகே மட்டும், சாச்சாவின் சாரன் நுனி அதிகம் பட்ட இடத்தில், இன்னும் மினுக்கம் இருக்கிறது.