பக்கத்து சீட்டுக்காரி

ஜெபசெல்வியைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. கோப்பையைத் தூக்கிப் பிடித்த படங்களில் எல்லாம் கார் ஓட்டுகிற டெரன்ஸ்தான் நடுவில் நிற்பான். அவள் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நிற்பாள். அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் செந்தூர்வேல், அந்தப் பந்தய அணியின் மெக்கானிக். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஊர் நாசரேத். தூத்துக்குடி துறைமுகத்தில், வளன் முதலாளியின் கப்பல் ஏஜென்சியில், கண்டெய்னர் நம்பர்களை வயர்லெஸ்ஸில் வாசிக்கும் வேலை பார்த்தாள். கிரேன் சத்தத்திலும் கடல்காற்றிலும் ஒரு நம்பர் பிசகாது. முதலாளியின் மகன் டெரன்ஸ் ராலி ரேஸ் ஓட்ட ஆரம்பித்த வருஷம், அவனுக்கு வழி சொல்ல வந்த ஆள் இரண்டாம் நாளே வாந்தியெடுத்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். "நம்ம ஜெபாவ உக்கார வைங்க" என்றார் முதலாளி. விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் எட்டு வருஷம் உட்கார்ந்தாள்.

ராலி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டிலும் மலையிலும் மண்ரோட்டில் ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். குறைந்த நேரத்தில் வந்து சேர்ந்தவன் ஜெயித்தவன். அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்று ஓட்டுகிறவனுக்கு ஞாபகம் இருக்காது. முந்தின நாள் மெதுவாகப் போய் எழுதிவைத்த குறிப்பைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் வாசிக்க வேண்டும், அவன் அதை நம்பி மிதிக்க வேண்டும். ஒரு சொல் பிந்தினால் இரண்டு பேரும் காலி.

டெரன்சுக்கு ஒரு கோளாறு உண்டு. வேகத்தில் லெஃப்ட், ரைட் என்றால் குழம்பிவிடுவான். அதற்கு ஜெபசெல்விதான் வழி கண்டுபிடித்தாள். "ஏலே, சோத்தாங்கை மூணு, கல்லு கெடக்கு, ஒட்டாத! பீச்சாங்கை ரெண்டு, பிரேக்க அமத்து, அமத்து!" என்று கத்துவாள். வளைவு எவ்வளவு கடுமை என்பதற்குத்தான் அந்த எண். மற்ற அணிக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இரண்டு முறை தேசியக் கோப்பையை வாங்கியபிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

ஒரு தடவை மழையில் வைப்பர் பிய்த்துக்கொண்டு போய், கண்ணாடி முழுக்கச் சேறு. மூன்று கிலோமீட்டர் அவள் குரலை மட்டும் கேட்டு ஓட்டிவந்தான். இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "யக்கா, நீ இல்லாட்டி நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்" என்றான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

வண்டிக்குள் அவளுக்கு அவன் 'ஏலே', கீழே இறங்கினால் 'தம்பி'. பழக்கதோஷத்தில் ஊருக்குள் சும்மா காரில் போகும்போதும் "ஏலே, மாடு நிக்கு, மெல்லப் போ" என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவனும் அதைக் கேட்டுத்தான் ஓட்டுவான்.

இந்தத் தை மாதம் முதலாளிக்கு வேறு யோசனை வந்தது. "ராலியப் பாக்க ஆடுதான் வருது. டி.வி.யில காட்டுத ரேசுக்குப் போவமா?" என்றார். மைதானத்துக்குள் ஒரே தார்ப்பாதையில் சுற்றிச்சுற்றி ஓடுகிற ரேஸ் அது. அந்த வண்டியில் ஒரே ஒரு சீட்தான். இரண்டையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வரும்படி டெரன்சிடம் சொன்னார். அவன் வழக்கம்போல அவள் தலையில் கட்டிவிட்டான்.

மூன்று பக்கம் எழுதினாள். ஒரு பொய் கிடையாது. வண்டி உடைவது குறையும், டெரன்ஸ் பேர் வெளியே தெரியும், அவன் வயசுக்கு இதுதான் சமயம் என்று எல்லாவற்றையும் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் 'நாம் இழப்பது' என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

"என்ன, மறந்துட்டியா?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. அத அவன் எழுதட்டும். எம்பேர நானே எழுதுனா பிச்ச கேக்க மாதிரில்லா இருக்கும்."

திரும்பிப் போக அவளுக்குப் பழைய வேலையும் இல்லை. கண்டெய்னர் நம்பரை இப்போது கேமரா படிக்கிறது. நாற்பத்தோரு வயதில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பக்கத்து சீட் ஒன்றுதான்.

புதன்கிழமை ஆபீசில் முதலாளி மூன்று பக்கத்தையும் சத்தமாக வாசித்தார். கடைசிப் பக்கத்தில் டெரன்சின் கோணல் கையெழுத்து இருந்தது. "நாம் இழப்பது: மண்ரோட்டு டயர் நாப்பது. பழைய வேன் ஒண்ணு." தாளைத் திருப்பிப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லியாலே?"

டெரன்ஸ் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"அவ்வளவுதாம்ப்பா" என்றான்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "ஏளா ஜெபா, பிரமாதமா எழுதிருக்க. நீ என்ன சொல்லுத? போயிரலாமா?"

"எழுதினதுதான் முதலாளி" என்றாள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் புது வண்டிக்கும் மெக்கானிக் வேண்டுமே. மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வடையும் டீயும் வந்தபோது எடுத்துச் சாப்பிடவும் செய்தேன்.

மத்தியானம் டெரன்ஸ் தன் காரில் எங்களை மில்லர்புரத்தில் விட வந்தான். முன்சீட்டில் அவள், பின்னால் நான். புது ரேஸ், புது ஹெல்மெட் என்று வழியெல்லாம் அவன் பேச்சு ஓயவில்லை. அவள் எப்போதும்போல ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று உண்டு. பின்சீட்டில் இருந்த என் கண்ணுக்கே தெரிந்தது. அவள் வாய் திறக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டதில் என் தலை கூரையில் இடித்தது.

"யக்கா! சொல்லக் கூடாதா?" என்று கத்தினான் டெரன்ஸ்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க, சார்."

எட்டு வருஷத்தில் அந்த வார்த்தையால் அவனை அவள் கூப்பிட்டதே இல்லை. அங்கேயே இறங்கிக்கொண்டாள். வீடு இன்னும் இரண்டு தெரு தள்ளி இருந்தது, வெயிலில் நடந்தே போனாள். டெரன்ஸ் அவள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "அண்ணாச்சி, அடியில எதும் அடிபட்டிருக்கான்னு பாருங்க" என்றான்.

நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன்.