நான் கூட்டிய ஞாயிற்றுக்கிழமை

காஞ்சிபுரத்தில் யாருக்காவது கூட்டம் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். பிறகு ஒரு பந்தல்காரரிடம் மூங்கில் தூக்கினேன். இன்றைக்குப் பந்தல், நாற்காலி, மைக் செட், அண்டா, குண்டான் என்று எல்லாம் என் பெயர் எழுதி வாடகைக்குப் போகிறது. நாற்காலி கேட்டு வருகிறவர்கள், "அதுல உக்கார ஆளும் நீங்களே பாத்து..." என்று தலையைச் சொறிவார்கள். அப்படித்தான் அந்தத் தொழிலும் வந்து ஒட்டிக்கொண்டது. நான் கட்சி பார்ப்பதில்லை. காலையில் ஒரு கட்சிக்குக் கை தட்டியவன் சாயங்காலம் எதிர்க்கட்சிக்குத் தட்டும்போது சத்தம் குறையக் கூடாது. என் ஆட்களை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு மூன்று மாடி வீடு இருக்கிறது. மேல்மாடியில் இரண்டு பையன்கள் குடியிருந்தார்கள். கிறிஸ்தவத்தில் மார்மன் என்று ஒரு பிரிவாம். அதில் பிறந்த பையன்கள் இரண்டு வருஷம், அனுப்புகிற ஊருக்குப் போய்த் தங்கள் வேதத்தைச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டுமாம். ஒருவன் அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைக்காரன். இன்னொருவன் ராஜமுந்திரிக்காரன். ரெண்டு பேருக்கும் வெள்ளைச் சட்டை, டை, சைக்கிள். நெஞ்சில் ஒரு பேட்ஜ். அதில் 'மூப்பர்' என்று போட்டிருந்தது. மீசையே சரியாக முளைக்கவில்லை, மூப்பராம். இந்தத் தெருவுக்கு மூப்பன் கீழ்மாடியில் ஈசிசேரில் உட்கார்ந்திருப்பது அவர்கள் சபைக்குத் தெரியவில்லை.

அவர்களுக்குச் சட்டதிட்டம் அதிகம். எங்கே போனாலும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். சினிமா கிடையாது. காபி, டீ தொடக் கூடாது. இருட்டி ஒன்பதாவதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். நான் பெற்ற பிள்ளைகளே அப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

அன்று திங்கட்கிழமை. அவர்களுக்குத் துணி துவைக்கிற நாள், வீட்டுக்குப் போன் பேசுகிற நாளும் அதுதான். தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடிக்குப் போனேன். வெள்ளைக்காரப் பையன் பிழியாத சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். கால் எல்லாம் தண்ணீர்.

"இன்னாபா, சட்ட அழுவுதா, நீ அழுவுறியா?"

ராஜமுந்திரிப் பையன்தான் விஷயத்தைச் சொன்னான். வருகிற ஞாயிறு சென்னையிலிருந்து அவர்கள் சபைத் தலைவர் வருகிறார். நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் மேல்மாடிக் கூடத்தில் ஆராதனை நடக்கிறது. அதற்கு வருகிறவர்கள் இவர்கள் இருவர், மழை நாளில் என் வீட்டுப் பூனை. இந்த ஞாயிறும் அப்படியே இருந்தால் இங்கே மூடிவிட்டு இருவரையும் சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவார்களாம். வெள்ளைக்காரப் பையனின் அப்பாவும் தாத்தாவும் இதே மாதிரி வெளிநாடு போய் ஆள் சேர்த்தவர்கள். தாத்தா ஏதோ ஒரு தீவில் பாதிக் கிராமத்தையே சேர்த்தாராம். இவன் வாராவாரம் போனில் அப்பாவிடம், 'இன்னும் ஒருவரும் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"இவ்ளோதானா? நாப்பது அம்பது பேர் போதுமா?" என்றேன்.

வெள்ளைக்காரப் பையன் தமிழைப் புத்தகத்தில் கற்றவன். வேதப் புத்தகம் எழுந்து நின்று பேசுகிற மாதிரி இருக்கும். "ஐயா, நீங்கள் அவர்களை அழைத்து வர வேண்டாம். அவர்கள் தாமாகவே வர வேண்டும்" என்றான்.

"தானா எவன்பா வருவான்? கல்யாணத்துக்கே வெத்தல பாக்கு வச்சாத்தான் வரான்."

பையன் சிரிக்கவில்லை. இவன் எப்படித்தான் தொழில் பண்ணுகிறான், பார்த்துவிடலாமென்று மறுநாள் நானும் கூடப் போனேன். ஊருக்கு வெளியே இருக்கிற காலனியில் ஒரு தையற்காரம்மா வீடு. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், வேறு சபை. அந்த அம்மா வாய் நிறைய "வாங்கபா, உக்காருங்கபா" என்று சொல்லி, மூன்று டம்ளரில் காபி போட்டுக் கொண்டுவந்தது. நான் எடுத்துக்கொண்டேன். பையன் எழுந்து நின்று, "மன்னியுங்கள். நாங்கள் காபி அருந்துவதில்லை" என்றான்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டில் நீட்டிய டம்ளரை வேண்டாமென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் அந்தக் காலனியில். அம்மா முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வூட்ல குடிக்காதவங்கள உள்ளூர்லயே நெறைய பாத்துட்டோம்பா. அதுக்கு அமெரிக்காலேர்ந்து வேற ஆள் வரணுமா?"

ராஜமுந்திரிப் பையனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "அம்மா, நீள்ளு... தண்ணி, தண்ணி கொடுங்க" என்று வாங்கி இரண்டு சொம்பு குடித்தான். வெள்ளைக்காரனுக்கும் ஜாடை காட்டினான். அவனும் மூச்சுப் பிடித்துக் குடித்தான், தீயணைக்க வந்தவன் மாதிரி. வயிறு நிறைந்ததே தவிர வேதம் ஒரு வரி உள்ளே போகவில்லை.

புதன்கிழமை அதைவிட மோசம். எங்கள் தெருவில் விடியற்காலை பாவு போடுவார்கள். நெசவுக்கு ஏற்றப் போகிற பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சரி செய்கிற வேலை. அக்கம்பக்கத்து ஆள் ஆளுக்கு ஒரு கை கொடுத்தால்தான் நடக்கும். பையன்கள் சீக்கிரம் எழுகிறவர்கள், உதவி செய்ய வேண்டுமென்பதும் அவர்கள் சட்டத்தில் இருக்கிறதாம். வெள்ளைக்காரன் உயரமாக இருக்கிறானே என்று எதிர்வீட்டு நெசவாளி பாவின் கடைசிக் கோலை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

நான் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தேன். "இன்னாபா, காலையிலயே வேலையா?" என்று கேட்டதுதான் தாமதம். யாரைப் பார்த்தாலும் கைகுலுக்க வேண்டுமென்று அவர்களுக்குப் பழக்கம் பண்ணி வைத்திருக்கிறார்கள். பையன் பெரிய சிரிப்போடு வலது கையை என் பக்கம் நீட்டினான். கோல் கீழே விழுந்தது. அவ்வளவு நீளப் பட்டும் தொய்ந்து, சுருண்டு, இடியாப்பம் ஆகிவிட்டது.

நெசவாளி அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். "எவன்டா வுட்டது?"

பையனைக் காப்பாற்ற நினைத்து, "காத்துபா. திடீர்னு ஒரு காத்து அடிச்சிது" என்றேன்.

"இல்லை ஐயா, காற்று அடிக்கவில்லை. நான்தான் விட்டேன்" என்றான் பையன்.

நெசவாளி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காத்துன்னியேண்ணா" என்றார். நான் வாயிலிருந்த பேஸ்ட்டைத் துப்பப் போய்விட்டேன். சிக்கெடுக்க உச்சிப்பொழுது ஆயிற்று. அதுவரை இரண்டு பையன்களும் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். இவன் கூப்பிட்டால் சோற்றுக்குக் காக்கா கூட வராது. நாம் இறங்கினால்தான் உண்டு.

வியாழக்கிழமை பூக்காரம்மாவைப் பிடித்தேன். பெண்கள் கூட்டத்துக்கு அந்த அம்மாதான் என் வலது கை. "ஞாயித்துக்கெழம காலையில என் வூட்டு மாடி. வெள்ளக்காரன் பேசுவான். இட்லி, பொங்கல், வட, காபி."

"எந்தக் கட்சிண்ணா?"

"கட்சி இல்லமா. சாமி."

"சேரச் சொல்லுவாங்களா?"

"சேர வேணாம், உக்காந்தா போதும். கை தட்டாதீங்க, ஆமென்னு சொல்லுங்க."

"அழுவணுமா? ஜெபக் கூட்டம்னா அழுவணுமே."

"அழுவல்லாம் வேணாம்."

என் தங்கை மகனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "மாமா, நீ கோயில் கமிட்டில இருந்துக்கினு இந்த வேல பாக்குற. தெருவுல இன்னா பேசிக்கினுகிறாங்க தெரியுமா?" என்றான். "நாக்காலி வாடகைக்கு விடறவன் நாக்காலில எந்தச் சாமி உக்காருதுன்னு பாக்கக் கூடாதுடா" என்றேன். படித்தவன் வாயில் வராத வார்த்தை. அவன் எம்.காம்.

பையன்களிடம் மூச்சு விடவில்லை. ஞாயிறு காலை அவர்கள் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தால், உட்கார இடம் இல்லை. வெள்ளைக்காரப் பையன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

சென்னைத் தலைவர் ரிட்டையர் ஆன மனுஷர், நம் தமிழர்தான். மனைவியோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே நுழையும்போதே தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். முதலில் பாட்டு, ஜெபம். அப்புறம் ஒரு சின்ன ரொட்டித் துண்டும் ஒரு மடக்குத் தண்ணீரும் தட்டில் வந்தன. என் ஆட்கள் இதுதான் டிபனா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொறுங்கள் என்று ஜாடை காட்டினேன்.

அப்போதுதான் தலைவர் எழுந்து, இன்று மாதத்தின் முதல் ஞாயிறு, சபையார் எல்லோரும் உபவாசம் என்று சொன்னார். மாடிப்படியில் என் சமையற்காரர் பொங்கலுக்கு நெய் ஊற்றித் தாளித்துக்கொண்டிருந்தார். காபி டிக்காஷன் வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது. தலைவரின் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்தியிலா பசியிலா, எனக்குத் தெரியாது.

அதோடு விடவில்லை. முதல் ஞாயிற்றில் பிரசங்கம் கிடையாதாம். யார் வேண்டுமானாலும் மைக்குக்கு வந்து, கடவுளைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லலாமாம். இதை யாராவது முன்கூட்டி எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? என் ஆட்களைக் கேட்கப் பழக்கியிருக்கிறேனே தவிர பேசப் பழக்கவில்லை. மைக்கோ என்னுடையது, நல்ல மைக்.

முதலில் ஒரு ஆட்டோக்காரன் போனான். "மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே" என்று தொடங்கி, என்னைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசி, எனக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினான். அடுத்தவன் எங்கள் குறுக்குத் தெருவுக்குக் குடிதண்ணீர் சரியாக வரவில்லை, தலைவர் மேலிடத்தில் சொல்ல வேண்டுமென்று கோரிக்கை வைத்தான். ஒரு பெரியவர், "இவரும் நல்ல சாமிதான். ஏகாம்பரநாதர் ஊர்ல யார் வந்தாலும் எடம் உண்டு" என்று அனுமதி கொடுத்தார். பூக்காரம்மா, வேண்டாமென்று சொல்லியும், அழுதது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். தலைவர் முகம் பூரித்துப் போயிருந்தது. காரியம் முடிந்தது, இலை போடச் சொல்லலாமென்று எழுந்தேன்.

வெள்ளைக்காரப் பையன் மைக்குக்குப் போனான். காது சிவந்திருந்தது.

"சகோதரர்களே, சகோதரிகளே. நீங்கள் வந்ததற்கு நன்றி. இந்த ஐயா எங்கள் மேல் அன்பாக இருக்கிறார். ஆகவே உங்களை அழைத்தார். நீங்கள் இந்த ஐயாவுக்காகவும் உணவுக்காகவும் வந்தீர்கள். அது தவறு அல்ல. ஆனால் எங்கள் தலைவர் உங்களை எண்ணுகிறார். நான் அழைத்து நீங்கள் வந்ததாக அவர் நினைக்கிறார். அது உண்மை அல்ல. நான் இங்கே இருக்க மிகவும் ஆசைப்படுகிறேன். ஆனால் இப்படி இருக்க மாட்டேன்."

பின்னாலிருந்து யாரோ, "உண்மையத்தான் சொல்றான்பா" என்றான். நான் கூட்டி வந்த ஆள்தான் அவனும்.

தலைவர் மெதுவாக மைக்கை வாங்கினார். "இந்த ஐயா கூப்பிடாமல் வந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

பூக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டது. கடைசியில் கதவோரம் ஒரு கை உயர்ந்தது. எதிர்வீட்டு நெசவாளி. புதன்கிழமைக் கோபத்தில் இருப்பாரென்று அவரை நான் கூப்பிடவே இல்லை.

"இட்லி எங்க வூட்லயே இருக்குது. இந்தப் புள்ள அன்னிக்குத் தப்ப ஒத்துக்கிச்சு, இது இன்னாதான் சொல்லுதுன்னு கேக்கலாம்னு வந்தேன். ஆனா சேர மாட்டேன் சாமி. எனக்குக் கோயில் கைங்கரியம் இருக்குது."

"பரவாயில்லை" என்றார் தலைவர். அப்புறம் அவர் எண்ணவில்லை. ஒருவரை வைத்துக்கொண்டு சபை நடத்த முடியாது என்றும், செவ்வாய்க்கிழமை பையன்கள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும் என்றும் என்னிடம் தன்மையாகச் சொன்னார். என் ஆட்கள் இட்லி, பொங்கல், வடை எல்லாவற்றையும் குறையில்லாமல் சாப்பிட்டார்கள். அதில் மட்டும் என் பெயருக்குக் களங்கம் வரவில்லை.

எல்லோரும் போனபிறகு பையனைப் பிடித்தேன். "ஏன்பா இப்டி பண்ண? வாய மூடிக்கினு இருந்தா இங்கயே இருந்திருக்கலாமே."

"ஆம் ஐயா."

"ஒலகத்துல எந்தக் கூட்டத்துல எண்ணுறது நெஜம்?"

"இன்றைக்கு, கடைசியில் எண்ணியது" என்றான்.

திங்கட்கிழமை நான் மாடியில் இருந்தபோது அவன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் 'ஒன்' என்றால் என்னவென்று தெரியும். அதை அவன் இரண்டு முறை சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். நாற்பது ஐம்பது பேரைக் கூட்டிக் கொடுத்த நான் பக்கத்திலேயே நிற்கிறேன். சேரவே மாட்டேன் என்று மைக்கில் சொன்ன ஒரு ஆளைப் பற்றி அமெரிக்காவுக்குப் பெருமையடித்துக்கொள்கிறான்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டார்கள். நெசவாளி ரயிலடி வரை போய் வழியனுப்பினார். எனக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் வேலை இருந்தது.

எத்தனையோ வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மழையில் கூட்டம் கலைந்திருக்கிறது, சோறு பத்தாமல் கலைந்திருக்கிறது. யாருக்காகக் கூட்டினேனோ அவனே மைக்கில் ஏறி 'இது கூட்டி வந்த கூட்டம்' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அதிலிருந்து யார் ஆள் கேட்டு வந்தாலும், எத்தனை பேர் வேண்டும், என்ன சாப்பாடு என்று கேட்பதற்கு முன்னால், மேடையில் உண்மை பேசுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்கிறேன். கட்சிக்காரர்கள் என் தோளைத் தட்டி, "அந்தக் கவலயே வேணாம்ணே" என்கிறார்கள். இதுவரை அவர்கள் சொன்ன சொல் தப்பவில்லை.