கன்னியம்மா மறைத்த இருமல்

முதல் நாள் ஒப்புதல் தாளில் கைநாட்டு வைக்கக்கூடக் கன்னியம்மாவால் கட்டைவிரலை நீட்ட முடியவில்லை. பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். முடக்குவாதம் விரல்களை மடக்கிப்போட்டிருந்தது.

பொன்னேரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் மூட்டுவாதப் பிரிவு நர்ஸ். மூட்டு வீக்கத்தை அடக்கும் விலையுயர்ந்த பயாலஜிக் ஊசி போடுகிறவர்களைக் கண்காணிப்பது என் வேலை. மூட்டு மூட்டாக அழுத்தி வலி, வீக்கம் பார்ப்பேன். உடம்பில் எங்காவது அழற்சியோ கிருமித் தொற்றோ இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. அளவை ரத்தத்தில் பார்ப்போம். காய்ச்சல், இருமல் உண்டா என்று கட்டாயம் கேட்பேன். அந்த ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி குறையும். உள்ளே அடங்கியிருக்கும் காசநோய் கிளம்பிவிடலாம்.

கன்னியம்மாவுக்கு ஆரம்பப் பரிசோதனையில் காசநோய் தெரியவில்லை. ஓர் உதவித் திட்டத்தில் ஊசி இலவசமாகக் கிடைத்தது. இடையில் ஊசி நின்றால் திட்டத்தில் அவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

சில மாதங்களில் விரல்கள் விரிந்தன. "மறுபடி ஏரில எறங்கிட்டேன் சிஸ்டர்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

பிறகு ஒருமுறை மெலிந்து வந்தார்.

"இன்னாக்கா, இப்படி எளைச்சுட்ட? இருமல் கிருமல் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போனா எளைக்காதா?"

மூட்டில் வீக்கமே இல்லை, சி.ஆர்.பி. மட்டும் ஏறியிருந்தது. டாக்டர் ஊசியை நிறுத்திவைத்து எக்ஸ்ரேக்கு அனுப்பினார். நுரையீரலில் காசநோய்.

வெளியே, கூட வந்திருந்த அவர் கணவர் சொன்னார்: "வாயில துணிய அடைச்சிக்கினு இருமுவா சிஸ்டர். இன்னிக்கும் இருமல் மருந்து குடிச்சிட்டுத்தான் வந்தா."

உள்ளே போய்க் கன்னியம்மாவிடம் கேட்டேன்: "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. இப்ப நிறுத்திட்டீங்கல்ல?"



மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் காசநோய் குணமானது. மறுபடி ஊசி தொடங்கலாம் என்றார் டாக்டர். அதற்குள் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. திட்ட அதிகாரியிடம் போய்க் கேட்டேன். "ரூல் அப்படிம்மா, நான் என்ன பண்றது?" என்றார். மாத்திரைகள் கொடுத்தோம், போதவில்லை. விரல்கள் திரும்பவும் மடங்கின. பிறகு கன்னியம்மா வருவதை நிறுத்திவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எதைச் சொன்னால் மருந்து போய்விடுமோ, அதை நோயாளி சொல்ல மாட்டார். கூட வந்தவரைத் தனியாகக் கேளுங்கள், தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஊசியை நிறுத்தத்தான் வேண்டும். அதை நோயாளியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.