கிழவன் மேல் எறிந்த மணல்

"சுட்டான் பாரு, அங்கதான் விசிலு!" என்று சொல்லிக்கொண்டே பாக்கியநாதன் சாப்பாட்டுத் தூக்கை ரயில் ஜன்னல் கம்பியில் மாட்டுகிறார். ஆரம்பாக்கத்தில் ஏறி எண்ணூரில் இறங்குகிறவரை அந்த வாய் ஓயாது. வார்ப்படத் தொழிற்சாலையில் மண் சலிக்கிற வேலை. ஆனால் பெட்டியில் இருப்பவர்களுக்கு அவர் சினிமாவுக்குத் தீர்ப்பு சொல்கிற நைனா. அவர் தலையாட்டினால் ஆரம்பாக்கம் கொட்டகையில் ஒரு வாரம் கூட்டம் தாங்காது.

இந்த மரியாதை அவருக்கு ஒரு குதிரைப் படத்தால் வந்தது. அறுபத்து மூன்றில் கொட்டகைக்கு இங்கிலீஷ் கௌபாய் படம் ஒன்று வந்தது. வசனம் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவராயிற்றே என்று பாக்கியநாதனைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார் முதலாளி. இவரும் கூச்சநாச்சமில்லாமல் கதை சொன்னார். கடைசியில் ஒரு கிழவன் சிரித்தபடி கோட்டுப் பைக்குள் கையை விடுவான். கதாநாயகன் சுட்டுவிடுவான். கிழவன் கையிலிருந்து ஒரு காகிதம் விழும்.

"பாரு, விஷச் சிரிப்பு! ஏழைங்க நெலத்த அமுக்க பொய்ப் பத்திரம் எட்த்துக்கினு வந்தான், ஒயிஞ்சான்!" என்பார் பாக்கியநாதன்.

கொட்டகை அதிரும். ரயிலில் இட்லி விற்கிற கங்கம்மா தரை மணலை வாரிக் கிழவன் முகத்தில் எறிவாள். பத்து வருஷத்தில் அந்தப் படம் எட்டுத் தடவை வந்தது. எட்டுத் தடவையும் மணல் பறந்தது.

போன மாதம் அதே கதையைப் புதிதாகத் தமிழில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே கிழவன், அதே கோட்டு, அதே குண்டு. ஆனால் இந்த முறை கதாநாயகன் காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தான். அவனுடைய அம்மா சாகக் கிடந்தபோது எழுதிய கடிதம் அது. அதைக் கொண்டுவந்து சேர்க்க நாலு நாள் நடந்து வந்த மனுஷனைத்தான் அவன் சுட்டிருக்கிறான். கொட்டகையில் கிளம்பியது கூச்சல்.

"நல்ல படத்த நாசம் பண்ட்டானுங்க நைனா! கெட்ட கெயவன நல்லவனாக்கிட்டானுங்க!" என்று மறுநாள் ரயிலில் கங்கம்மா பொருமினாள்.

பொன்னேரிக்குப் போகும் குமாஸ்தா தேவராஜன் பத்திரிகையை விரித்து விமர்சனத்தைப் படித்தார். மூலப்படத்தின் இறுதிக் காட்சியை அடி பிசகாமல் அப்படியே எடுத்திருப்பதாக அதில் பாராட்டியிருந்தது.

"பேமானி! இவன் பய்ய படத்தப் பாத்தானா இன்னா? நைனா, நீ ஒரு கார்டு எய்து. உனக்குத்தான் இங்கிலீசு தெரியும். இவன் மூஞ்சில கரி பூசு" என்றாள் கங்கம்மா.

கார்டும் பேனாவும் கைக்கு வந்துவிட்டன. அந்த இங்கிலீஷ் கிழவனின் சிரிப்பு பாக்கியநாதனின் கண்முன் வந்து நின்றது. விஷம் எங்கே இருந்தது அதில்? தூரத்து உறவுக்காரரைக் கண்டுபிடித்துவிட்ட ஒருவரின் சிரிப்பு அல்லவா அது! தான் சொன்ன ஒரு சொல்லுக்காக ஊரே எட்டுத் தடவை ஒரு நல்லவர் சாவுக்கு விசிலடித்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் இந்தப் பெட்டியில் இனி முகம் காட்ட முடியாது. பேனாவை மூடிவைத்தார்.

"இன்னொரு வாட்டி பாத்துட்டு எய்துறேன்" என்றார்.

சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு அவரோடு பெட்டியே கிளம்பி வந்தது. சினிமாக்காரன் என்ன சொன்னாலும் கிழவன் கெட்டவன்தான் என்று காட்டிவிடுவது அவர்கள் கட்சி. கிழவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டதுமே கங்கம்மா மணலை அள்ளினாள். பாக்கியநாதன் எழுந்து முன்னால் போய் நின்றார். நைனா கதை சொல்லப் போகிறார் என்று எல்லாரும் அடங்கினார்கள். திரையில் துப்பாக்கி வெடித்தது.

"போடாத கங்கம்மா. அந்தாளு நல்லவரு. பய்ய படத்துலயும் நல்லவருதான். எனக்கு இங்கிலீசு தெரியாது. வாய்க்கு வந்தத சொன்னேன்."

"அப்ப நாங்க இத்தினி வருசமா..." என்ற கங்கம்மா கையிலிருந்த மணலைக் கீழே கொட்டினாள்.

பாக்கியநாதன் திரையில் விழுந்து கிடந்த கிழவன் பக்கம் திரும்பினார். தெருவில் சாவு போகும்போது செய்கிற மாதிரி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.